எழுபதும் முப்பதும் தொண்ணூற்றேழரை

எங்கள் வீட்டுக்காரருக்கு அவர் வேலை பார்க்கும் கல்லூரியில் வைத்திருக்கும் பெயர் பிப்பெட். வேதியியல் ஆய்வகத்தில் திரவத்தை உறிஞ்சி அளக்கிற கண்ணாடிக் குழாய் அது. மேலும் கீழும் ஒல்லி, நடுவில் மட்டும் ஓர் உப்பல். வேலைக்குச் சேர்ந்த புதிதில் குச்சி மாதிரி இருந்தாராம், அதனால் வைத்தார்களாம். ஐம்பதை நெருங்கும்போது நடுவிலும் உப்பிக்கொண்டது. பெயர் வைத்த பிள்ளை இப்போது எங்கே இருக்கிறானோ, அவன் வாயில் சர்க்கரையைத்தான் போடவேண்டும்.

இருபத்திரண்டு வருடமாக ஆய்வக உதவியாளர். குடுவை கழுவுவது, கரைசல் தயாரிப்பது, புட்டிகளில் சீட்டு ஒட்டுவது, பிள்ளைகள் உடைத்ததைப் பெருக்கி அள்ளுவது, இவ்வளவுதான் வேலை. ஆனால் அதை அவர் செய்கிற விதம் இருக்கிறதே! கண்ணாடியில் ஒரு கோடு போட்டிருந்தால் திரவம் அந்தக் கோட்டைத் தொடவேண்டும். மேலேயும் கூடாது, கீழேயும் கூடாது. அதற்காக மேசை முன்னால் முட்டி போட்டுக் கண்ணைக் கோட்டுக்கு நேராக வைத்துக்கொண்டு, கடைசி நாலு சொட்டை மூச்சைப் பிடித்துக்கொண்டு விடுவார். வீட்டில் டீ ஊற்றும்போதும் அதே கதை. இரண்டு டம்ளரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் குனிந்து பார்ப்பார். "டீயா ஊத்தறீங்க, வைரமா நிறுக்கறீங்க? ஆறிப்போகுது!" என்று நான் கத்தினால்தான் நிமிர்வார்.

நான் வீட்டு முன்னறையில் தையல் மெஷின் போட்டிருக்கிறேன். கை வேலை செய்யும், வாய் அதற்கும் மேலே வேலை செய்யும். எனக்கு வாய் நீளம் என்று என் தம்பி பெண்டாட்டியிலிருந்து தபால்காரர் வரைக்கும் சொல்வார்கள். நான் மறுத்ததில்லை. பேசத் தெரியாத மனிதரைக் கட்டிக்கொண்டால் இரண்டு பேருக்கான பேச்சையும் ஒருத்தியே பேசித் தொலைக்கவேண்டியிருக்கிறது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். மறைத்தால் பிறகு நடந்தது எதுவும் விளங்காது. இவர் குடித்தவர். கொஞ்சநஞ்சமில்லை, ஒன்பது வருடம். சாயங்காலம் ஏழு மணிக்குத் தெருமுனையில் செருப்புச் சத்தம் கேட்டாலே இன்றைக்கு எவ்வளவு என்று எனக்குத் தெரிந்துவிடும். ஒருநாள் மகளின் பள்ளிக்கூட வாசலில் போய் நின்றிருக்கிறார். நின்ற நிலை அப்படி. மகள் பார்த்துவிட்டு, யாரோ எவரோ என்பதுபோல் தலையைத் திருப்பிக்கொண்டு தோழிகளோடு நடந்துவிட்டாள். அன்றோடு விட்டார். பதினோரு வருடம் ஆகிறது, ஒரு சொட்டு இல்லை.

அந்த ஒன்பது வருடத்திலும் கல்லூரி ஸ்பிரிட் பீப்பாயின் சாவி இவர் இடுப்பில்தான் இருந்தது. கடையில் குடித்திருக்கிறார், கடன் சொல்லிக் குடித்திருக்கிறார், கல்லூரிச் சரக்கைத் தொட்டதில்லை. "அது பிள்ளைங்க படிக்கிறதுக்கு வந்தது" என்பார், நாக்குக் குழறும்போதுகூட. அந்த ஒரு விஷயத்தில் அவருக்கு ஒரு கர்வம் உண்டு. விட்ட புதிதில் இரண்டு வருடம் அவர் வாசல்படி ஏறும்போதே நான் பக்கத்தில் போய் மோந்து பார்ப்பேன். அவரும் எதுவும் சொல்லாமல் நிற்பார். அப்புறம் நானே அந்த வழக்கத்தை விட்டுவிட்டேன்.

போன வருடம் கல்லூரிக்குப் புதிதாக ஒரு ஸ்டோர் கீப்பர் வந்தார். அதற்கு முன்னால் இரும்புக் கம்பிக் கிடங்கில் இருந்தவர். நல்ல மனிதர்தான், லஞ்சம் வாங்கமாட்டார், யாரையும் ஒருமையில் பேசமாட்டார். ஆனால் கம்பியை ஓர் இடத்தில் போட்டால் போட்டபடி கிடக்கும், காற்றோடு போகாது, கசியாது. அதனால் உலகத்தில் எந்தப் பொருளும் குறையக்கூடாது என்பது அவர் கட்சி. வந்த வேகத்தில் ஆய்வக ஸ்பிரிட்டில் கை வைத்தார்.

மேசைகளையும் கருவிகளையும் துடைக்க வாரத்துக்கு ஒருமுறை ஸ்பிரிட்டும் தண்ணீரும் கலப்பது இவர் வேலை. எழுபது பங்கு ஸ்பிரிட், மிச்சம் தண்ணீர். அதற்கென்று கோடு போட்ட வெள்ளைப் பீப்பாய் ஒன்று இருந்தது. எழுபதாம் கோடு வரைக்கும் ஸ்பிரிட், பிறகு நூறாம் கோடு வரைக்கும் தண்ணீர். கோட்டைத் தொட்டால் வேலை முடிந்தது. தண்ணீர் எத்தனை லிட்டர் போயிற்று என்று இருபத்திரண்டு வருடத்தில் எவரும் கேட்டதில்லை. குழாயைத் திறந்தால் வருகிற தண்ணீரை யார் அளப்பார்கள்?

ஸ்டோர் கீப்பர் அளக்கச் சொன்னார். பழைய பீப்பாயில் கோடு தேய்ந்துவிட்டது என்று நீல நிறத்தில் புதுப் பீப்பாய் வாங்கிப் போட்டார். அதில் கோடே இல்லை. "பத்து லிட்டர் கேன்ல அளந்து ஊத்துங்க. ஏழு கேன் ஸ்பிரிட், மூணு கேன் தண்ணி. காலையில நான் குழாய் வழியா பிடிச்சு அளந்து வாங்கிக்கறேன்" என்றார். வியாழக்கிழமை சாயங்காலம் இவர் கலந்து பூட்டினார். வெள்ளிக்கிழமை காலையில் அவர் பிடித்தார். ஒன்பது கேன் நிறைந்தது. பத்தாவது முக்கால்தான். ஏழரை லிட்டர். இரண்டரையைக் காணோம்.

முதல் வாரம் ஊற்றும்போது சிந்தியிருக்கும் என்றார். இரண்டாவது வாரம் தானே பக்கத்தில் நின்று பத்து கேனையும் எண்ணினார். சிந்தவில்லை. காலையில் மறுபடியும் இரண்டரை குறைவு. பீப்பாயைச் சுற்றித் தரை காய்ந்துதான் கிடந்தது. மூன்றாவது வாரமும் அதேதான். கண்ணெதிரே நூறு உள்ளே போகிறது, விடிந்தால் தொண்ணூற்றேழரை வெளியே வருகிறது. நடுவில் இருப்பது ஒரு ராத்திரியும் ஒரு சாவியும். சாவி யாரிடம் இருந்தது, அவர் முன்பு எப்படி இருந்தவர் என்று விசாரிக்க ஸ்டோர் கீப்பருக்கு அரை நாள்கூட ஆகவில்லை.

கல்லூரி முதல்வர் இவரைத் தனியாகக் கூப்பிட்டார். பரம சாது. குரலை உயர்த்தாமல், "விஷயம் நம்ம மூணு பேரோட இருக்கட்டும். உங்க மானம் முக்கியம். திங்கட்கிழமை ஒரு விசாரணை வச்சுடலாம், அதுவரைக்கும் வீட்ல ரெஸ்ட் எடுங்க" என்றாராம். மானத்தைக் காப்பாற்றுகிறேன் என்று அவர் காதோடு காது வைத்தாற்போல் முடித்ததில், வேதியியல் படித்த ஒரு ஜீவனுக்கும் விஷயம் போகவில்லை. துறைத் தலைவி மேடம் பரீட்சைத் தாள் தயாரிக்கப் போயிருந்தார். அங்கே போனை வாங்கி வைத்துவிடுவார்கள், ஞாயிற்றுக்கிழமைதான் விடுவார்கள்.

"வாராவாரம் ஒரே அளவா சார் ஒருத்தன் திருடுவான்?" என்று இவர் கேட்டிருக்கிறார். பேசாத மனிதர் பேசிய ஒரே கேள்வி. அதற்கு ஸ்டோர் கீப்பர், "நீங்கதான் அளக்காம எதையும் எடுக்கமாட்டீங்களே" என்றாராம்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் இரண்டு மணிக்கு இவர் வீட்டுக்கு வந்தார். அந்த நேரத்தில் வருகிற ஆளே இல்லை. நான் ஒரு ஜாக்கெட்டுக்குக் கை வைத்துக்கொண்டிருந்தேன். செருப்பைக் கழற்றியபடியே நடந்ததைச் சொன்னார். நாலே வாக்கியம். கடைசி வாக்கியம், "நான் தொடலை" என்பது.

நான் மெஷினை நிறுத்தினேன். எழுந்தேன். பக்கத்தில் போனேன். மோந்து பார்த்தேன்.

வேண்டுமென்று செய்யவில்லை, கால் தானாகப் போய்விட்டது என்று இன்றைக்கு வரைக்கும் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். ஒன்பது வருடத்துக்கு அப்புறம். சோப்பு வாடைதான் அடித்தது. அவர் பழையபடியே அசையாமல் நின்றார், நான் முடிக்கிற வரைக்கும். பிறகு கை கால் கழுவப் பின்பக்கம் போய்விட்டார்.

வேலை போனால் போகட்டும், மெஷின் இருக்கிறது, ஒரு வேளைக் கஞ்சிக்குப் பஞ்சமில்லை. அதுவல்ல என் பயம். 'பிப்பெட் மறுபடியும் ஆரம்பிச்சுட்டாராமே' என்று நாலு பேர் சொல்வார்கள். மகள் காதுக்குப் போகும். அவள் ஒரு பிள்ளையைப் பெற்றபிறகுதான் அப்பாவிடம் முகம் கொடுத்துப் பேசவே தொடங்கியிருந்தாள். மறுபடியும் தலையைத் திருப்பிக்கொண்டால் இந்த மனிதர் என்ன ஆவார்? அப்படிப் பயந்தவள் என்ன செய்திருக்கவேண்டும்? பக்கத்தில் உட்கார்ந்திருக்கவேண்டும். நான் வீட்டைச் சோதனை போட்டேன். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், பரணில், பழைய சூட்கேசுக்குள். சூட்கேசை மூடித் திரும்பினால் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "எதையாவது தேடறியா?" என்றார். "கத்தரிக்கோல்" என்றேன். அது என் கழுத்தில் கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தது.

சனிக்கிழமை காலையில் எங்கேயோ போய்விட்டு வந்தார். நான் கடைத்தெருவிலிருந்து திரும்பும்போது சமையலறை மேசையில் பேரனின் பால் புட்டிகள் இரண்டு கழுவிக் கவிழ்த்திருந்தன. மகள் வரும்போது தேவைப்படும் என்று எங்கள் வீட்டிலேயே வைத்திருப்பவை. பக்கத்தில் ஒரு பழுப்புப் புட்டி. மூடியைத் திருகினேன். ஸ்பிரிட்! அந்த வாடை மண்டைக்கு ஏறியதும் எனக்குக் கண் மண் தெரியவில்லை. ஒளித்து வைக்கக்கூட இல்லையே, அவ்வளவு தைரியமா! கழுவும் தொட்டியில் அப்படியே கவிழ்த்தேன். கடைசிச் சொட்டு வரைக்கும் உதறினேன். குழாயைத் திறந்துவிட்டேன்.

துண்டால் கையைத் துடைத்துக்கொண்டே இவர் உள்ளே வந்தார். காலிப் புட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"அளந்து பாக்கலாம்னு மருந்துக்கடையில வாங்கிட்டு வந்தேன்" என்றார். "சரி, பரவாயில்லை."

"என்னத்தை அளக்க?"

"எழுபதும் முப்பதும் நூறு ஆகுதான்னு."

இதென்ன கூத்து, பைத்தியம் பிடித்துவிட்டதா என்று நினைத்தேன். ஆனால் அந்தப் 'பரவாயில்லை' இருக்கிறதே, அது என்னைப் பிடித்து உலுக்கிவிட்டது. ஏசியிருந்தால் நானும் ஏசியிருப்பேன். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. பையை எடுத்துக்கொண்டு நானே மருந்துக்கடைக்குப் போனேன். "காலையிலதானே சார் வாங்கிட்டுப் போனாரு?" என்றான் கடைக்காரன். "கொட்டிப்போச்சு" என்றேன். அது ஒன்றுதான் அன்றைக்கு நான் சொன்ன உண்மை.

பால் புட்டியில் பத்துப் பத்து மில்லியாகக் கோடு உண்டு. ஒன்றில் நூறு மில்லி தண்ணீர் பிடித்தார், இன்னொன்றில் நூறு மில்லி ஸ்பிரிட். முட்டி போட்டு, மூச்சைப் பிடித்து, சொட்டுச் சொட்டாக. இந்த முறை நான் அவசரப்படுத்தவில்லை. பிறகு ஸ்பிரிட்டைத் தண்ணீரில் கவிழ்த்து, மூடிக் குலுக்கி, மேசையில் வைத்தார். தொட்டுப் பார்க்கச் சொன்னார். புட்டி வெதுவெதுவென்று இருந்தது. அடுப்பில்லை, வெயில் இல்லை, எங்கிருந்து வந்தது சூடு? ஆறட்டும் என்று அரை மணி நேரம் காத்திருந்தோம். ஆறியபிறகு இரண்டு பேரும் முட்டி போட்டுப் பார்த்தோம்.

இருநூறாம் கோட்டைத் தொடவில்லை. அதற்கும் நூற்றுத்தொண்ணூறுக்கும் நடுவில் நின்றது.

"புட்டியில ஒட்டியிருக்கும்" என்றேன்.

"ஒட்டலாம்."

"தண்ணியையும் தண்ணியையும் ஊத்திப் பாருங்க. அதுலயும் குறைஞ்சா ஒட்டுறதுதான்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்த பார்வையில் ஓர் ஆச்சரியம் இருந்தது. நூறும் நூறும் தண்ணீரை நானே பிடித்தேன், நானே ஊற்றினேன். இருநூறாம் கோட்டில் வந்து நின்றது, ஒரு நூல்கூடக் குறையவில்லை. ஸ்பிரிட்டை மறுபடி நானே செய்து பார்த்தேன். மறுபடியும் ஆறு மில்லி போல மாயம். என் கண்ணெதிரே, மூடிய புட்டிக்குள்ளே! சத்தியமாகச் சொல்கிறேன், உடம்பு சிலிர்த்துவிட்டது.

"எங்கேங்க போச்சு அது?"

"எங்கயும் போகலை. உள்ளதான் இருக்கு. எடை போட்டா ஒரு கிராம் குறையாது. இடம்தான் குறைஞ்சிருக்கு."

அப்போதுதான் இந்த மனிதர் பேச ஆரம்பித்தார். இருபத்திரண்டு வருடமாக ஆய்வகக் கதவோரம் குடுவை கழுவிக்கொண்டே கேட்ட பாடம். ஒவ்வொரு வருடமும் அதே பாடம், அதே மேடம். பிள்ளைகள் ஒரு தடவை கேட்டுவிட்டுப் போய்விடும், இவர் இருபத்திரண்டு தடவை கேட்டிருக்கிறார்.

"தண்ணியில ஒரு துகளை எடுத்துக்கோ. நடுவுல ஒரு ஆக்சிஜன், ரெண்டு பக்கமும் ரெண்டு ஹைட்ரஜன். ஆக்சிஜன் இருக்கே, அது பேராசைக்காரன். பொதுவா வச்சிருக்கிற எலக்ட்ரானைத் தன் பக்கமா இழுத்து வச்சுக்கும். ஹைட்ரஜன்கிட்ட இருக்கிறதே ஒண்ணே ஒண்ணு. அதையும் இழுத்துட்டா அது பாவம், என்ன பண்ணும்? அடுத்த தண்ணித் துகள்ல இருக்கிற ஆக்சிஜனைப் பாத்துக் கையை நீட்டும்."

"பக்கத்து வீட்டு ஆக்சிஜனையா?"

"ஆமா."

"நல்ல குடும்பம்தான்!"

சிரித்தார். இரண்டு நாளில் முதல் சிரிப்பு. "கட்டினது கட்டினதுதான், அதை விடாது. இது சும்மா ஒரு பிடிப்பு. பிடிக்கும், விடும், வேற ஒண்ணைப் பிடிக்கும். ஹைட்ரஜன் பிணைப்புன்னு பேரு."

"அப்ப உள்ள இருக்கிறது தையல். இது பிரஸ் பட்டன்."

"இத்தனை வருஷத்துல மேடம்கூட இப்படிச் சொல்லலையே" என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அந்த நேரத்திலும் பெருமைப்படத் தெரிகிறது பாருங்கள் இந்த மனதுக்கு.

அந்தப் பட்டன் லேசானதுதானாம், ஆனால் கோடி கோடியாக இருப்பதால் அதன் பலம் சாதாரணமில்லை. அழுகிய முட்டை நாற்றமடிக்கும் வாயு ஒன்று ஆய்வகத்தில் உண்டு. அதிலும் இரண்டு ஹைட்ரஜன்தான், நடுவில் ஆக்சிஜனுக்குப் பதில் கந்தகம். அதன் துகள் தண்ணீர்த் துகளைவிட எடை கூடுதல், நியாயமாக அதுதான் கனத்துக் கீழே கிடக்கவேண்டும். கந்தகத்துக்கு அவ்வளவு இழுக்கத் தெரியாது, பிடிப்பு விழாது, அதனால் வாயுவாகப் பறந்துபோகிறது. தண்ணீர் கொதிக்க அத்தனை நெருப்புக் கேட்பது இந்தப் பிடிப்பால். அம்மோனியா தண்ணீரைக் கண்டால் ஓடிப்போய்க் கலப்பது இதனால். ஈதர் என்கிற திரவத்தின் புட்டியைத் திறந்து வைத்தால் ஆவியாகி ஓடுவது, ஈதர் துகள்கள் ஒன்றையொன்று இப்படிப் பிடித்துக்கொள்ள வழியில்லாததால். அதன் ஆக்சிஜனில் ஹைட்ரஜன் ஒட்டியிருக்காதாம்.

"இடம் ஏன் குறையுது, அதைச் சொல்லுங்க."

"தண்ணித் துகள் ஒவ்வொண்ணும் நாலு பேரோட கை கோத்து நிக்கப் பாக்கும். நாலு பக்கமும் கையை நீட்டிட்டு நின்னா நடுவுல இடைவெளி விழும்ல? பனிக்கட்டியில அது ரொம்ப ஜாஸ்தி, அதான் மிதக்குது. தண்ணியிலயும் கொஞ்சம் இருக்கு. ஸ்பிரிட்லயும் ஒரு ஆக்சிஜன், அதுல ஒட்டினாப்பல ஒரு ஹைட்ரஜன். அதுக்கும் கை நீட்டத் தெரியும். அதனால தண்ணி அதைச் சேத்துக்கும். சேந்ததும் எல்லாம் மாறி, நெருங்கி உக்காந்துடும். ஆள் குறையலை, இடைவெளி குறைஞ்சிடுச்சு. புதுசா பிடிக்கிறப்ப சூடு வரும். பீப்பாய் வெதுவெதுன்னு இருக்குன்னு நான் அன்னிக்கே ஸ்டோர் சார்கிட்ட சொன்னேன்."

"எண்ணெயை ஊத்தினா?"

"எண்ணெய்க்கு நீட்டுறதுக்குக் கையே இல்லையே. தனியா நிக்கும்."

"இவ்வளவு தெரிஞ்சு வச்சுக்கிட்டு முதல்வர் முன்னாடி ஏங்க வாயடைச்சு நின்னீங்க?" எனக்குக் கோபம் கோபமாக வந்தது, அவர்மேல் இல்லை, யார்மேல் என்று தெரியாமல்.

புட்டியைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "கை கோக்கிற கதை நல்லாத் தெரியும். அளவு குறையும்னு மேடம் லேப்ல வச்சுச் சொன்னது ஒரே ஒரு வருஷம்தான். அதுவும் குழாய்ச் சத்தத்துல பாதிதான் கேட்டுது. பழைய பீப்பாயில கோடு வரைக்கும் ஊத்துவேன், குறையறதைத் தண்ணி ரொப்பிடும். என் கண்ணுல ஒரு நாளும் படலை. குடிகாரன்னு நினைச்சுட்டு நிக்கிறவங்ககிட்ட பாதி தெரிஞ்சதைச் சொன்னா, சாக்கு சொல்றான்னுதான் நினைப்பாங்க. அதான் முதல்ல நான் பாத்துடணும்னு வாங்கிட்டு வந்தேன்."

அவர் வாங்கி வந்ததைத்தான் நான் கொட்டியிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை முழுக்க நாங்கள் அதைப் பற்றிப் பேசவில்லை. அவர் எப்போதும்போல் டீ ஊற்றிக் கொடுத்தார், நான் எப்போதும்போல் குடித்தேன். சமாதானமாகத்தான் இருந்தோம், ஆனால் என் பக்கம் ஏதோ ஒரு சொல் பாக்கி நின்றது. நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன்.

திங்கட்கிழமை நானும் கூடவே கிளம்பினேன். "நீ எதுக்கு?" என்றார். "பால் புட்டி உடைஞ்சா மகளுக்கு யார் பதில் சொல்றது?" என்றேன். முதல்வர் அறையில் ஸ்டோர் கீப்பர் பதிவேட்டை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் பையிலிருந்து பால் புட்டிகளை எடுத்து மேசைமேல் வைத்ததும் இரண்டு பேரும் புட்டிகளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

"உங்க ரெண்டரை லிட்டர் எங்க போச்சுன்னு காட்டறதுக்கு வந்திருக்கோம் சார்" என்றேன்.

எல்லோருமாக ஆய்வகத்துக்கு நடந்தோம். இவர் அளந்தார், ஊற்றினார், குலுக்கினார். ஸ்டோர் கீப்பர் குனிந்து பார்த்துவிட்டு, குறைந்தது குறைந்ததுதானே, ஆவியாகப் போயிருக்கும் என்றார். அதற்கு இவர் ஒன்றும் வாதாடவில்லை. தராசுப் பக்கம் கையைக் காட்டினார். "நீங்க கம்பியை நீளத்துலயா சார் வாங்குவீங்க, எடையிலயா?"

"எடையிலதான்."

"இதையும் நிறுங்க."

மறுபடி முதலிலிருந்து செய்தார்கள். இந்த முறை ஊற்றுமுன் இரண்டு புட்டியையும் ஸ்டோர் கீப்பரே நிறுத்தார், கலந்தபின் காலிப் புட்டியையும் சேர்த்து மறுபடி நிறுத்தார். ஆறவைத்து இன்னொரு தடவை நிறுத்தார். கோடு இறங்கியிருந்தது, எடை அசையவில்லை. ஸ்டோர் கீப்பர் தராசைக் குனிந்து பார்த்தார். கம்பிக் கிடங்கில் பதினைந்து வருடம் தராசை நம்பியே காலம் தள்ளியவர், தராசு சொன்னால் அவருக்கு வேத வாக்கு. "அப்ப நான்தான் தப்பா அளந்திருக்கேன்" என்றார். சுற்றி வளைக்காமல் இவர் கையைப் பிடித்துக்கொண்டு, "மன்னிச்சுடுங்க" என்றார். இவருக்குக் கூச்சமாகிவிட்டது.

அந்த நேரம் பார்த்து மேடம் உள்ளே வந்தார். விஷயத்தைக் கேட்டதும் தலையில் அடித்துக்கொண்டார். "கடவுளே! மூணு வாரமாவா? என்னைக் கேக்க வேண்டாம், முதல் வருஷம் படிக்கிற ஒரு பிள்ளையைக் கேட்டிருக்கக்கூடாதா?" முதல்வர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே, நடந்தது தவறு, இவர் பேரில் எந்தக் குற்றமும் இல்லை என்று எழுத்திலேயே கொடுத்துவிடுவதாகச் சொன்னார்.

"ரெண்டா குடுங்க சார்" என்றார் இவர்.

"ரெண்டா? எதுக்கு?"

"ஒண்ணு ஆபீஸ் ஃபைலுக்கு. ஒண்ணு வீட்டுக்கு."

"வீட்டுக்கு எதுக்குங்க? அம்மாதான் நேர்லயே நிக்கிறாங்களே, அவங்கதானே எல்லாத்தையும் கொண்டுவந்து காட்டினது" என்று ஸ்டோர் கீப்பர் சிரித்தார்.

"இருக்கட்டும் சார்" என்றார். குத்தலாகச் சொல்லவில்லை. எனக்குத் தெரியும், அவருக்குக் குத்தலாகப் பேசவே வராது. அதனால்தான் எனக்குச் சுரீர் என்றது. அத்தனை பேர் நடுவில் பால் புட்டிகளைப் பையில் அடுக்குவதுபோல் குனிந்துகொண்டேன்.

மேடமே உட்கார்ந்து தட்டச்சு செய்தார். முத்திரை குத்தி, உறையில் போட்டு, ஒன்றை என் கையில் கொடுத்தார்கள். அன்றைக்கு இவருக்கு அரை நாள் விடுப்பு. பேருந்தில் சன்னலோரம் அவர், பக்கத்தில் நான். உறை என் மடியில் கிடந்தது. இரண்டு நிறுத்தம் போகும்வரை எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை, எனக்கு, என் வாய்க்கு!

"எனக்கெதுக்குங்க இந்தக் காகிதம்?" என்றேன். "நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதாதா?"

அவர் சன்னலுக்கு வெளியேதான் பார்த்துக்கொண்டிருந்தார். "வெள்ளிக்கிழமையும் நான்தானே சொன்னேன்" என்றார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. தப்புதான், என் தப்புதான் என்று இரண்டு தடவை சொன்னேன். அவர் இல்லை என்று சொல்லவில்லை. எங்கள் நிறுத்தம் வந்தது. கூட்டத்தில் புட்டி உடைந்துவிடப் போகிறது என்று பையை என் தோளிலிருந்து வாங்கிக்கொண்டு அவர் முன்னால் இறங்கினார். கடிதத்தை மட்டும் வாங்கவில்லை, அதை நான்தான் வீடு வரைக்கும் எடுத்துக்கொண்டு நடந்தேன்.